முன்மாரியும் மேட்டூர்த் தண்ணீரும்

வேதாகமத்தை ஆழ்ந்து கற்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்ச் சபைகளில் முதலில் வருவது ஒரு கணக்குதான். பழைய ஏற்பாட்டில் 39 நூல்கள், புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் எனச் சீர்திருத்தத் திருச்சபையார் கையாளும் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால், வாரநாளில் மூன்று அதிகாரமும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து அதிகாரமுமாக வாசித்துவந்தால் ஓராண்டுக்குள் நூல் முழுவதும் முடிந்துவிடும் என்பதே அக்கணக்கு; வாசிப்பு அட்டவணைகளும் இதையொட்டியே அச்சாகின்றன, எத்தனை முறை முடித்தார் என்பதே ஒருவருடைய ஊக்கத்துக்கு அளவாகவும் ஆகிவிடுகிறது. இக்கணக்கில் குற்றம் காண்பதற்கில்லை, ஏனெனில் அன்றாடம் என்ற ஒழுங்கு இல்லாமல் எந்தக் கல்வியும் நிலைப்பதில்லை. ஆயினும் முறை வைத்துத் தண்ணீர் திறப்பது வேறு, திறந்த தண்ணீர் வேர்வரை இறங்குவது வேறு என்பது காவிரிப் படுகையில் உழுபவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டாத செய்தி. வாசிப்பிலும் அவ்வேறுபாடு உண்டு என்பதற்கு அந்தப் படுகையிலேயே முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள சான்று இருக்கிறது.

காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் கடைமடையில், அதாவது பாசன நீர் எல்லா ஊர்களையும் கடந்து இறுதியாக வந்து சேரும் பகுதியில், தரங்கம்பாடி அமைந்திருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று டேனியர் கோட்டை கட்டிய அந்தத் துறைமுகத்தில், 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானிய மிஷனரிகள் வந்திறங்கினர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாமல் வந்த சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றவர். இரண்டே ஆண்டில், 1708 அக்டோபர் 17 அன்று, கிரேக்க மூலத்தை முன்வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711 மார்ச் 21 அன்று முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் அச்செழுத்துகள் பருமனாக இருந்து தாளைத் தின்றதால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அது அச்சிடப்பட்டது. பள்ளிப் பாடங்களில் இந்த ஆண்டுகள்தாம் நினைவில் நிறுத்தப்படுகின்றன. ஆனால் கற்கும் பழக்கத்தைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு, அக்காலத்தில் ஒவ்வொரு நாளும் எப்படிக் கழிந்தது என்பதே பெரிய செய்தியாகும்.

தம்முடைய நாளை எவ்வாறு பகுத்துக்கொண்டார் என்பதைச் சீகன்பால்கு கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு மணிவரை, முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்ப ஓதுவது. எட்டு முதல் நண்பகல்வரை, அதுகாறும் படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பது. அவ்வேளையில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருந்து, புலவர் பொருள் விரிக்க, எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வது. பிற்பகலில் மறுபடியும் நூல்கள். விளக்கு வைத்த பிறகு கண்ணுக்கு ஓய்வு தந்து, ஏட்டைப் பிறர் வாசிக்கக் காதால் கேட்பது. ஒரு நூலில் விளங்காத சொல்லே இல்லை என்றாகும்வரை அந்நூலை நூறு முறைகூடப் படித்ததாக அவர் எழுதுகிறார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய சிறு நூல்களை 1708-இல் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்ததும், பிற்காலத்தில் 40,000 சொற்களை எட்டிய அகராதி ஒன்றைத் தொகுத்ததும் இந்தப் பழக்கத்தின் விளைவுகளே.

இந்த நாளொழுங்கைக் கூர்ந்து பார்ப்பவர்க்குப் புலப்படுவது, இதில் தனிமையில் வாய்மூடி வாசிக்கும் நேரம் மிகக் குறைவு என்பதாகும். இன்றைய வேதபாடத்துக்கு உருவகமாக அமைந்திருப்பதோ அதிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மட்டும் ஒரு நூலோடு அமர்ந்திருக்கும் காட்சி. தரங்கம்பாடியில் நிகழ்ந்தது தமிழ்நாட்டு ஏட்டுக்கல்வி முறை: ஆசிரியர் சொல்ல மாணாக்கர் திருப்பிச் சொல்வது, விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்பது, நேற்றையதை ஒப்பித்த பின்னரே இன்றையதைத் தொடங்குவது. பதவுரை, அதாவது சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறுதல், அம்முறையின் முதுகெலும்பு. ஐரோப்பியர் ஒருவர் வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லும் அதே வாயால், வேதத்தை எப்படி வாசிப்பது என்பதை அவர் தமிழாசிரியர்களிடமிருந்து கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நினைவுக்கற்கள் பெரும்பாலும் முன்னதை மட்டுமே சொல்கின்றன.

ஒரு சொல்லில் நிற்கும் பழக்கம் இன்றைய வாசகர்க்கு எளிதில் கைகூடுவதற்கு ஒரு வாய்ப்பும் தமிழில் உண்டு. ஒரே மூலத்துக்குத் தமிழில் அடுத்தடுத்துப் பல மொழிபெயர்ப்புகள் எழுந்துள்ளன. மூலமொழி அறியாதவர்கூட அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், மொழிபெயர்த்தவர்கள் எங்கே தயங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை வேப்பேரியில் இருந்து பெயர்த்த பெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. எல்லாவற்றுக்கும் ஈசன் என்பதும், மேலும் கீழும் ஆனவன் என்பதும், பலர் வணங்கும் பல தேவர்களுக்கும் பொதுவான சொல்லைத் தனியொருவனுக்கு உரியதாக்குவதும், கடந்தும் உள்ளும் நிற்பவன் என்று மக்கள் பொருள் கொள்ளும் சொல்லை எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இந்நான்கையும் ஒரு மாலைப்பொழுது எண்ணிப் பார்ப்பது, மூன்று அதிகாரங்களை ஓட்டமாக வாசிப்பதைவிட மிகுதியான வேலை என்பதில் ஐயமில்லை.

பழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு என்பதைத் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் வரலாறு காட்டுகிறது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் இளம் வயதில் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர், வேதத்தைச் சந்தத்திலும் கும்மியிலும் ஏற்றி மனத்தில் நிறுத்திய பெரும்புலவர். ரேனியஸ் முதலிய புதிய மிஷனரிகள் பெப்ரீஷியஸின் தமிழைத் திருத்தத் தொடங்கியபோது, பழகிய வேதத்தை மாற்றுவதே ஒரு கொடுமை என்று அவர் எதிர்த்து எழுதினார். அந்த எதிர்ப்போடு சேர்த்து, சபையில் சாதி வேற்றுமைகளை நீக்குவதையும் அவர் கொடுமை என்றே எண்ணினார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. மனப்பாடமான வேதம் ஒருவருக்கு மூச்சாகவும் ஆகலாம், அவர் திருத்தம் ஏற்க மறுக்கும் அரணாகவும் ஆகலாம். வசனத்தை உள்ளத்தில் ஏற்றுவது வேறு, அதன் பொருளைத் தேடுவது வேறு. முன்னதில் தஞ்சாவூர்ச் சபைகள் என்றும் வல்லவை.

பொருளைத் தேடும் உழைப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டால், வாசிப்பவரின் காலடியில் உள்ள மண்ணிலேயே என்று துணிந்து கூறலாம். ஏனெனில் வேதாகமம் பயிர்த்தொழிலும் மந்தைத்தொழிலும் செய்த மக்களின் நூல். படுகையில் வாழ்பவர் அதை வாசிக்கும்போது, தெரிந்த சொற்களாக வருவதாலேயே தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து பிறரைக் காட்டிலும் அவருக்கு அதிகம். ‘முன்மாரி’, ‘பின்மாரி’ என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். எபிரேய மொழியில் ‘யோரே’, ‘மல்கோஷ்’ என வழங்கும் இவற்றைத் தமிழ் வாசகர், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று தம்மை அறியாமலே பொருத்திக்கொள்வது இயல்பு. பாலஸ்தீன நாட்டிலோ கோடை முழுவதும் ஒரு துளி விழாது. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பெய்யும் முதல் மழை இறுகிய நிலத்தை உழவுக்கும் விதைப்புக்கும் இளக்கும், பங்குனியை ஒட்டிப் பெய்யும் கடைசி மழை கதிர் முற்றுவதற்குத் துணைசெய்யும். இவ்விரண்டும் ஒரே மழைக்காலத்தின் தலையும் வாலுமே தவிர இரு வேறு பருவங்கள் அல்ல.

இதை அறியாத தஞ்சை வாசகர் பின்மாரியை ஆசீர்வாதமாக வாசிக்கும்போது அவர் அனுபவமே அவருக்கு எதிராக நிற்கும். தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு நிற்கையில் மழை பெய்தால் பயிர் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டுவிடும். அறுத்த நெல்லோ நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்க, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கருவி காட்டினால் அதை வாங்கமாட்டார்கள். அப்படியிருக்க, அறுவடைக்கு முன்வரும் மழை எப்படி வரமாகும் என்ற கேள்வி எழுந்தால் அதுவே நல்ல வாசிப்பின் தொடக்கம். அக்கேள்வியோடு ஒத்தவாக்கியங்களை, அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புடைய பிற வசனங்களைப் பக்க ஓரத்தில் சுட்டும் குறிப்புகளை, பின்தொடர்ந்து செல்பவர், சாமுவேலின் முதல் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் கோதுமை அறுப்பு நாளில் பெய்த மழை மக்களுக்கு அச்சமூட்டும் அடையாளமாக வருவதைக் காண்பார். அறுப்புக்கால மழை கேடு என்பது அந்நாட்டு உழவர்க்கும் தெரிந்ததே. பின்மாரி அறுப்புக்கு முன் பால் பிடிக்கும் கதிருக்கு வருவது, அறுப்பின்மேல் விழுவது அன்று.

இதைவிட ஆழமான இடம் உபாகமத்தின் பதினொன்றாம் அதிகாரம். இஸ்ரவேலர் சென்று சேரவிருக்கும் நாடு அவர்கள் விட்டுவந்த எகிப்தைப் போன்றதன்று, எகிப்தில் விதைத்த நிலத்துக்குக் காலால் நீர் பாய்ச்சினார்கள், இந்த நாடோ வானத்து மழையைக் குடிக்கும் மலைநாடு என்பது அங்கே வரும் கருத்து. காலால் பாய்ச்சுவது என்றால் என்ன என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். சிலர் மிதித்து இயக்கும் நீரிறைப்பு என்பார்கள், சிலர் மண்வாய்க்காலைக் காலால் திறந்தும் அடைத்தும் விடுவது என்பார்கள். ஏற்ற மரத்தின்மேல் ஏறி மிதித்த பாட்டன்மாரைக் கேள்விப்பட்டவர்க்கும், வரப்பில் நடந்தபடியே ஒரு மிதி மண்ணைத் தள்ளி அடுத்த வயலுக்கு மடை திறப்பவரை நாள்தோறும் பார்ப்பவர்க்கும் இவ்விரு உரைகளும் கண்முன் நிற்கும். ஆனால் அதோடு ஒரு சங்கடமும் வரும்: ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்று நாளேட்டைப் பார்க்கும் நாடு, எகிப்தின் வகையைச் சேர்ந்தது, வாக்களிக்கப்பட்ட நாட்டின் வகையைச் சேர்ந்ததன்று. பாலும் தேனும் ஓடும் நாட்டைத் தம் சோழநாட்டுக்கு ஒப்பிட்டுப் பெருமைகொள்ளும் வழக்கத்தை இந்த ஓர் அதிகாரம் கலைத்துப்போடுகிறது. அந்நூல் நம்பச் சொல்வது ஆற்றையும் அணையையும் அல்ல, எவர் கையிலும் மதகு இல்லாத வானத்தை.

இதற்கு மாறாக, படுகையின் அனுபவமே திறவுகோலாகும் நூலும் உண்டு. அது நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் நூல். பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் நாளில் வந்துசேரும் மோவாப் நாட்டு விதவை ஒருத்தி, அறுப்பவர்களின் பின்னே சிந்திய கதிர்களைப் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றுகிறாள். கதிர் பொறுக்குதல் என்றால் என்ன என்பதைத் தஞ்சை வயல்களில் விளக்க வேண்டியதில்லை. அரிவாள் அறுப்பு நடந்த காலத்தில் நிலமற்ற வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தாளிடையே உதிர்ந்ததைச் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டு வந்தது அண்மைக்காலத்துச் செய்திதான், அறுவடை இயந்திரம் வந்த பின்னரே அது அருகியது. நிலவுடைமையாளரான போவாஸ், தூற்றி முடித்த இரவில் தானியக் குவியலின் ஓரத்தில் படுத்துறங்குவதும் அவ்வாறே. காற்று இசைவாக வீசும் நேரம் பார்த்துத் தூற்றி, பொலியைக் களத்திலேயே விட்டுவிட்டுப் போக முடியாமல் அதன் அருகே காவல் கிடப்பவர்களின் வழக்கத்தை அறிந்தவர்க்கு, அவர் ஏன் வீட்டில் உறங்கவில்லை என்ற கேள்வி எழாது. நகரத்து வாசகரோ அவ்விடத்தில் ஏதோ மறைபொருள் இருப்பதாக எண்ணித் தேடத் தொடங்குவார்.

புதிய ஏற்பாட்டுக்குப் பின் பழைய ஏற்பாட்டையும் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்கு, நாற்பது வயதை எட்டாமலே 1719 பிப்ரவரி 23 அன்று இறந்து, தாம் முந்திய ஆண்டில் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சு பெயர்த்து முடிக்க, பழைய ஏற்பாட்டின் அச்சுவேலை 1728-இல் நிறைவுற்றது. சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு நின்ற இடம் ரூத்தின் நூல். அந்நூல் முடிவது அறுப்பிலோ திருமணத்திலோ அன்று. பேரேஸ் தொடங்கி எஸ்ரோன், போவாஸ், ஓபேத் என்று இறங்கித் தாவீதில் முடியும் பத்துப் பெயர்களின் வம்சவரிசையில். நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிப்பவர்கள் பொதுவாக மேலோட்டமாகக் கடந்துபோகும் பகுதி அது. சீகன்பால்குவுக்கோ அவ்வாறு கடக்க வழியில்லை. தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒலிகளைக் கொண்ட எபிரேயப் பெயர்களை எந்த எழுத்தால் எழுதுவது, எழுதியதைக் கடற்கரைப் பள்ளியில் ஒரு சிறுவன் எப்படி வாய்விட்டு வாசிப்பான் என்று ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக நின்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது.