நீறு பூத்த நெருப்பு



அரையாண்டு லீவுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனம் பக்கத்தில் உள்ள ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆயாவுக்குக் கண்புரை. ஆள் நிற்பது நிழலாகத்தான் தெரியும்.

ஒருநாள் அடுப்புச் சாம்பலைப் பழைய சட்டியில் அள்ளி, வைக்கோல் போர் பக்கத்துக் குப்பையில் கொட்டக் கிளம்பினேன். "கொட்டாத பாப்பா, உள்ள நெருப்பு கிடக்குது" என்றாங்க ஆயா.

"உனக்குத்தான் கண்ணே தெரியாதே, ஆயா!" என்று சொல்லிவிட்டேன்.

ஆயா கோபப்படவில்லை. "என்னத் தாண்டிப் போகும்போதே முகத்துல சூடு அடிச்சுதே. கிளறிப் பாரு" என்றாங்க. குச்சியால் கிளறினேன். செக்கச்செவேலென்று கங்கு! கொட்டியிருந்தால் போரே எரிந்திருக்கும்.

பள்ளி திறந்ததும் அறிவியல் சார் ஒரு படம் காட்டினார். ஐந்து விண்மீன் திரள்கள் நெருக்கமாகத் தெரியும் படம். 1877-ல் ஸ்டீபன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததால் 'ஸ்டீபனின் ஐவர்' என்று பெயர். அதில் ஒன்று 4 கோடி ஒளியாண்டு தூரத்தில் தனியாக இருக்கிறது. மற்ற நான்கும் சுமார் 29 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

திரள்கள் மோதினாலும் நட்சத்திரங்கள் மோதுவது அபூர்வமாம். அவ்வளவு இடைவெளி! வாயுவும் தூசியும்தான் மோதிக்கொள்ளும். சாதாரணப் படத்தில் நடுவிடம் பெரும்பாலும் இருட்டு. 2006-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் அகச்சிவப்பு ஆய்வில், அங்கே சூடேறிய ஹைட்ரஜன் வாயு இருப்பது தெரிந்தது. ஒரு திரள் வேகமாக உள்ளே பாய்ந்ததால் எழுந்த அதிர்ச்சி அலை அது. நம் பால்வெளியை விடப் பெரியதாம்! 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் இன்னும் தெளிவாகக் காட்டியது.

அடுப்பிலிருந்து தள்ளி நின்றாலும் நம் மேல் படும் சூடு இந்த அகச்சிவப்புக் கதிர்தான் என்றார் சார். காற்றில் உள்ள நீராவி இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்புகிறார்கள். நம் நாட்டிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐதராபாத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியைப் பலூனில் அனுப்பி, நட்சத்திரம் பிறக்கும் தூசி மேகங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சார் சொல்லச் சொல்ல எனக்கு ஆயா ஞாபகம்தான். கண் நன்றாகத் தெரிந்த நான்தான் "ஒன்றுமில்லை" என்று நினைத்தேன். அன்று மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

பொங்கலுக்குப் போனதும் முதலில் அதைக் கேட்பேன். ஐவர் கதையும் சொல்வேன். ஆயாவுக்குப் படம் காட்டிப் பயனில்லை. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டச் சொல்லி, அப்புறம் சொல்வேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி