இஷாவை இருந்து தொழலாமா?



சென்ற ஆண்டு ஒரு மாலை, மஃரிப் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கவிருந்த நேரம். கடியப்பட்டணத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகள் நம்மிடம் ஓதியவள். இப்போது நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறாள். “உஸ்தாதே, பிள்ளைக்கு காலு ரெண்டும் நீரு வச்சுக் கெடக்கு. இஷாவ இருந்து தொழலாமா?” என்று கேட்டார்.

மார்க்கச் சட்டம் சொல்வது நமக்கு எளிது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. எவ்வாறு தொழுவது என்று அவர்கள் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. நிற்க முடிந்தவரை நிற்கட்டும், தாங்க முடியாத வலி வந்தால் உட்காரட்டும் என்று சொல்லி அனுப்பினோம். பாடம் முடிந்து விளக்கை அணைக்கும்போதுதான் நாம் கேட்காமல் விட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. இருபது வயதுப் பிள்ளைக்குக் கால் ஏன் வீங்குகிறது?

மறுநாள் விசாரித்தோம். காலை ஒன்பதரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். மதிய உணவுக்கு அரை மணி நேரம். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயவும் கூடாது.

(பெண்பிள்ளையை ஏன் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்போர் நம்மில் உண்டு. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். அந்தக் கேள்வியை வேறொரு நாள் பேசலாம்.)

நமது வகுப்பில் பாடம் ஒப்பிக்காத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். பத்து நிமிடத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறத் தொடங்குவார்கள். அதற்கு மேல் நிற்க வைக்க மனம் வராது. “இரி மக்களே” என்று சொல்லிவிடுவோம். நாம் தண்டனையாகக் கொடுப்பதை அங்கே வேலையின் விதியாக வைத்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் முன்னால் நிற்க இயலாதவளுக்கு உட்கார அனுமதி உண்டு. சேலை அடுக்கின் முன்னால் இல்லை.

அந்தக் கடையின் உரிமையாளர் நமது சமுதாயத்தைச் சேர்ந்தவர். தொழுகையில் முதல் ஸஃப்பை விடாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அவர் வாங்கித் தந்த மின்விசிறியின் கீழே, நாற்காலியில் உட்கார்ந்துதான் நாம் பாடம் நடத்துகிறோம். அதனால் அவரிடம் பேசுவதை மூன்று வாரம் தள்ளிப்போட்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சட்டமே உண்டு என்பதை அந்த மூன்று வாரத்தில்தான் அறிந்தோம். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் ஒவ்வொருவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று ஆக்கியது. இதைப் பற்றி ஒரு ஜும்ஆ உரையையும் நாம் கேட்டதில்லை. நாம் நிகழ்த்தியதும் இல்லை.

ஆதாரம் இல்லாமலா? உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதை ஆண்டுதோறும் நாம் பாடமாக நடத்துகிறோம். முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் நடத்துகிறோம். தண்ணீர் சுமக்கும் இரண்டு ஒட்டகங்களோடு பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர், முஆத் அவர்கள் பகரா அத்தியாயத்தை நீட்டி ஓதியதால் ஜமாஅத்தை விட்டு விலகித் தனியே தொழுதார். வழக்கு நபியவர்களிடம் சென்றது. கண்டிக்கப்பட்டவர் இமாம்தான், உழைத்துக் களைத்தவர் அல்லர். தொழுகையில் நிற்பதற்கே இப்படியென்றால், வாடிக்கையாளர் இல்லாத கடையில் நிற்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

ஒருவழியாகக் கடைக்குச் சென்றோம். தேநீர் வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சற்று மாறியது. “உஸ்தாதே, சட்டம் வந்த வருஷமே ஸ்டூல் வாங்கியாச்சு” என்றார். எங்கே என்று கேட்டோம். கிட்டங்கியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதிகாரிகள் வந்தால் எடுத்துப் போடுவதற்காக. “ஆளு வரும்போ பிள்ளையோ இருந்துட்டு இருந்தா மரியாதையா இருக்குமா?” என்றார். “ஆளு வந்தா எழும்பட்டும் காக்கா. ஆளு இல்லாதப்போ ஆருக்கு மரியாதை?” என்றோம். பிறகு, மகள் இஷாவை எப்படித் தொழுகிறாள் என்பதைச் சொன்னோம். பெயரைச் சொல்லவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

வேலை செய்பவருக்கும் கடமை உண்டு. நேரத்துக்கு வருவதும், அளவில் ஏமாற்றாதிருப்பதும், முதலாளி பார்க்காதபோதும் பொருளைப் பேணுவதும் அமானிதம்தான். அதை நாம் பிள்ளைகளுக்குச் சலிக்காமல் சொல்லியே வந்திருக்கிறோம். முதலாளிகளிடம் சொன்னது இதுவே முதல் தடவை.

ஒரு வாரம் கழித்துப் பிரிவுக்கு இரண்டு ஸ்டூல் வீதம் வெளியே வந்தன. போன மாதம் அந்தத் தாய் வந்தபோது, மகள் இப்போது இஷாவை நின்று தொழுகிறாள் என்றார். ஆனால் கடையில் யாராவது உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறாராம். அவர் சாப்பிடப் போகும்போது மட்டும் முறை வைத்து உட்காருகிறார்களாம். உரிமையாளருக்கு இது தெரியுமா என்பது நமக்குத் தெரியாது. இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மீண்டும் அவரைப் பார்க்கச் செல்கிறோம்.