வாக்குச்சீட்டில் ஒரு பத்தி

அமெரிக்க மாநிலங்களின் ஆளுநர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவர், அதிகாரத்தைப் பொறுத்தவரை இந்திய மாநில முதலமைச்சருக்கே நெருக்கமானவர். நியூ ஜெர்சியில் அப்பதவியின் கனம் இன்னும் கூடுதல்: மாநில நீதிபதிகளை முன்மொழிவதும், வரவுசெலவுத் திட்டத்தின் தனித்தனி இனங்களை வெட்டுவதும் ஆளுநரின் உரிமைகள். ஆகவே அங்கே தேர்தல் வேலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் வாக்குப்பதிவுக்கு ஓராண்டுக்கும் முன்பே களத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்தத் தொடக்க மாதங்களில் அவர்கள் தேடிப்போவது வாக்காளரை அன்று, ஏறத்தாழ மாவட்டத்துக்கு ஒப்பான 21 கவுண்டிகளின் கட்சித் தலைவர்களை.

கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி வாக்காளர்களே முடிவு செய்யும் பிரைமரி தேர்தலின் பழைய வாக்குச்சீட்டைக் கூர்ந்து பார்த்தால் இதன் காரணம் விளங்கும். பிற மாநிலங்களில் ஒரு பதவிக்குப் போட்டியிடும் அனைவரின் பெயர்களும் அப்பதவியின் தலைப்பின்கீழ் ஒன்றாக இருக்கும். நியூ ஜெர்சியின் 19 கவுண்டிகளிலோ, நெடுங்காலமாக, கட்சி அமைப்பின் ஆதரவைப் பெற்றவர்கள் உயர்ந்த பதவி முதல் உள்ளூர்ப் பதவி வரை ஒரே பத்தியில் அடுக்கப்பட்டார்கள். ஆதரவு கிட்டாதவரின் பெயர், சில வெற்றுக் கட்டங்களுக்கு அப்பால், ஓரத்தில் தனித்துக் கிடந்தது. இதற்குக் 'கவுண்டி லைன்' என்று பெயர். ஒரே ஓட்டமாக மேலிருந்து கீழ்வரை குறியிட்டுச் செல்லும் வாக்காளரின் கண்ணில் அந்த ஓரக் கட்டம் படுவதே அரிதாக இருந்ததால், அனுபவமுள்ள பிரசார நிர்வாகி மாதிரி வாக்குச்சீட்டு வந்ததும் முதலில் தேடியது தம் வேட்பாளர் எந்தப் பத்தியில் நிற்கிறார் என்பதைத்தான்.

எனவே தொடக்கக் கட்டத்தின் கலை, பேச்சாற்றலைவிடக் கூட்டல் கணக்கையே சார்ந்திருந்தது. 2017 ஆளுநர் தேர்தலுக்காகப் பில் மர்ஃபி 2016 மே மாதத்தில், 1 கோடி டாலர் சொந்தப் பணத்தைக் கடனாக இட்டு ஜனநாயகக் கட்சிப் பிரசாரத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்து மர்ஃபியை ஆதரித்தவுடன், வட பகுதிக் கவுண்டித் தலைவர்கள் அடுத்தடுத்து அவர் பக்கம் சாய்ந்தார்கள்; தென் பகுதியின் வலிமையை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு நேராகாது என்று கண்ட மாநில செனட் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனியும் சில நாட்களிலேயே விலகினார். விலகுவதற்கும் காலம் உண்டு. ஆதரவு பிறருக்குத் தேவைப்படும்போது விலகுபவருக்கே அதற்குரிய மதிப்புக் கிடைக்கும். ஆனால் பிரைமரிக்கு எட்டு மாதங்கள் இருக்கையிலேயே இரு வலிய பெயர்கள் மறைந்துபோனது வாக்காளருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதைத் தொழில்திறனைப் போற்றுபவரும் மறுக்க இயலாது.

அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 மார்ச் மாதத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்குக் கவுண்டி லைன் முறையைத் தடுத்து நிறுத்தியது; மறு ஆண்டு புதிய வாக்குச்சீட்டு வடிவம் சட்டமாயிற்று. 2023 ஏப்ரலிலேயே மீண்டும் களமிறங்கியிருந்த ஃபுலப் இம்முறை பின்வாங்கவில்லை; ஸ்வீனியும் அவ்வாறே. 2025 ஜூன் ஆளுநர் பிரைமரியில் ஜனநாயகக் கட்சியின் ஆறு பேர் இறுதிவரை நின்றார்கள்.

கவுண்டித் தலைவரின் ஆதரவு அதனால் பயனற்றுப்போய்விடவில்லை. தொண்டர் படையும் வீடு வீடாகச் செல்லும் பட்டியலும் இன்னும் அவர் கையில்தான் உள்ளன, அத்தகைய ஆதரவைப் பரவலாகப் பெற்றிருந்த மைக்கி ஷெரிலே அதில் வென்றார். மாறியது கணக்கின் வகை. இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு அங்கே இல்லையாதலால், ஏறக்குறைய 34 விழுக்காடே அவருக்குப் போதுமானதாயிற்று. கட்சி அமைப்பின் பிடியை எதிர்த்துப் பேசிய ராஸ் பராக்காவும் ஃபுலப்பும் இரண்டாம், மூன்றாம் இடங்களில் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் அது ஷெரில் பெற்றதைவிடச் சற்று அதிகம். யார் விலகுவார் என்பதையே முன்பெல்லாம் கணித்துவந்த வியூகக்காரர்கள், தங்கள் வேட்பாளரின் வாக்கை யார் பங்கிடுவார் என்பதை இப்போது ஓராண்டுக்கு முன்பே கணிக்க வேண்டியிருக்கிறது.