சித்தப்பாவின் ஹெர்குலிஸ்

சித்தப்பா படத்துக்கு வருவது கதை பார்க்க இல்லை, தோள் பார்க்க. விடியற்காலை தாலீமில் கர்லாக்கட்டை சுற்றிவிட்டு, குளித்து, படிய வாரிய தலையோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். அறுபதுகளில் எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்த ஒரு காட்சிதான் இங்கிலீஷ் படம். போஸ்டரில் இடுப்புத் துணியோடு ஒரு மல்லன் தூணைத் தள்ளிக்கொண்டு நின்றால் போதும், எங்களுக்கு இரண்டு பெஞ்சு டிக்கெட் நிச்சயம்.

ஸ்டீவ் ரீவ்ஸ் முதன்முதலில் ஹெர்குலிஸாக வந்த படம் எங்களுக்கு மனப்பாடம். 1958-இல் பியத்ரோ ஃபிரான்சிஷி இத்தாலியில் எடுத்தது. எங்களிடம் வந்து சேர்வதற்குள் பிரிண்ட் பல ஊர்த் தண்ணீர் குடித்திருந்தது. திரை முழுக்கக் கோடு கோடாய் மழை. ஆரம்பத்திலேயே ஒரு தேர் தறிகெட்டு ஓடும், அதில் இளவரசி. ஹெர்குலிஸ் மரத்தை வேரோடு பிடுங்கி வழியில் எறிவான். "பார்த்தியாடா, கையாலே தூக்கலே, முதுகாலே தூக்குறான்" என்பார் சித்தப்பா. எனக்கு முதுகெல்லாம் தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. கடைசியில் வரும் சங்கிலிக் காட்சிக்குத்தான் கொட்டகையே காத்திருக்கும். அரண்மனைத் தூண்களில் சங்கிலியைச் சுற்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுப்பான். முதல் தூண் ஆடும்போதே தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் போடும் சத்தத்தில் தூண் விழும் சத்தம் கேட்டதே இல்லை.

இந்தப் படங்களில் யாருக்கும் உதடும் குரலும் ஒத்துப்போகாது. அவரவர் தம் மொழியில் பேசி நடித்துவிட, பிற்பாடு குரல் சேர்ப்பது இத்தாலிக்காரர்கள் வழக்கம். ரீவ்ஸ் 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கிய அசல் அமெரிக்கர். அவருக்கும் இங்கிலீஷில் இரவல் குரல்தான். எங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. இங்கிலீஷ் புரிந்தால்தானே!

பள்ளிக்கூடத்தில் சண்டை வேறு: சாம்சன் பெரியவனா, கோலியாத் பெரியவனா, அட்லஸா? சட்டை கிழிகிற அளவுக்குப் போயிருக்கிறது. எல்லாம் ஒரே ஆள் என்று வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். இத்தாலியில் அவன் பெயர் மச்சிஸ்தே. 1914-இல் வந்த 'கபிரியா' என்ற ஊமைப் படத்தில் ஜெனோவா துறைமுகத் தொழிலாளி பார்த்தலோமியோ பகானோ ஏற்ற வேடம். அமெரிக்காவில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்பதால், விநியோகஸ்தர்கள் படத்துக்கொரு பெயர் சூட்டி அனுப்பிவிட்டார்கள்.

பயந்தது ஒரே படத்துக்கு. ரெஜ் பார்க் ஹெர்குலிஸாகப் பாதாளத்துக்குப் போவார். எதிரி கிறிஸ்டோபர் லீ. 1961-இல் எடுத்தவர் மாரியோ பாவா, ரீவ்ஸின் ஹெர்குலிஸுக்கு ஒளிப்பதிவு செய்தவர். சல்லிக் காசில் எடுத்த படம். இருட்டில் ஒரு பாறை சிவப்பாக இருக்கும், பக்கத்துப் பாறை பச்சை, நடுவில் நீலப் புகை. திருவிழா நாடக மேடையில் விளக்குக்குக் கலர்த்தாள் கட்டுவார்களே, அதே வித்தைதான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். சித்தப்பாவுக்கு ரெஜ் பார்க் மேல் மரியாதை உண்டு, பிரியம் கிடையாது. "இவன் கனம். அவன் அழகு."

அந்த 'அவன்' தோளில் பழுது இருந்தது. 1959-இல் பாம்பேய் நகர அழிவைப் பற்றிய படத்தில் தேர் ஒரு மரத்தில் மோதி ரீவ்ஸின் தோள்மூட்டு விலகிவிட்டது. அப்புறம் அது சரியாகவே இல்லை. நாங்கள் வாய் பிளந்து பார்த்த பின்னாள் படங்களில் எல்லாம் நொந்த தோளை வைத்துக்கொண்டுதான் மனிதர் வேலை பார்த்திருக்கிறார்.

அதே பாம்பேய் படத்தில் இயக்குநர் நோயில் படுக்க, மீதியை எடுத்து முடித்தவர் துணை இயக்குநர் செர்ஜியோ லியோனே. ஹெர்குலிஸ் வம்சத்தை ஒழித்துக்கட்டியதும் அவர்தான். 1964-இல் அவர் எடுத்த கௌபாய் படம் பிய்த்துக்கொண்டு ஓட, தயாரிப்பாளர்கள் இடுப்புத் துணியை மூட்டை கட்டிவிட்டுத் தொப்பிக்கு மாறினார்கள். கொஞ்ச காலத்தில் எங்கள் காலைக் காட்சிக்கும் துப்பாக்கிக்காரர்கள் வந்துவிட்டார்கள். சித்தப்பா பாதி பார்த்தார். ஒல்லியாக ஒருவன், மேலே போர்வை, வாயில் சுருட்டு. இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிட்டார்.

"சட்டையைக் கழட்டவே மாட்டேங்கிறான்டா. நீ இருந்து பார்த்துட்டு வா" என்று சோடாவுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

இருந்து பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது.