அச்சமும் காப்பும்

தென்காசியினின்று மேற்கே நோக்குவார்க்குத் திரிகூடமலை முகிலணிந்து தோன்றும். ஆனித் திங்களில் அம்மலையினின்று தவழ்ந்து வரும் சாரல் எம் தெருக்களை நனைக்குங்கால் எமக்கு நாட்காட்டி வேண்டுவதில்லை. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிற்று என்பதை முகத்திற்படும் தூவலே அறிவித்துவிடும். யான் பிறந்து வளர்ந்த மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய ஊரும் அதுவே. சீசன் நாட்களில் இரவும் பகலும் ஓயாத வண்டிகளின் ஒலியைக் கேட்டே யாங்கள் உறங்கிப் பழகினோம். அத்தகைய சாலை ஓராண்டு ஊமையாய்க் கிடந்தது. அவ்வாண்டில் யான் கண்டவற்றையும், செய்த பிழையொன்றையும் இங்கு எழுதத் துணிகின்றேன். பிழையை எழுதுதல் எளிதன்று. ஆயினும் எழுதாதிருத்தல் அதனினும் அரிதாயிற்று.

கொரோனா என்னும் தீநுண்மி சீன நாட்டு வூகான் நகரில் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. 2020 ஜனவரி 30-ஆம் நாள் இந்தியாவின் முதல் நோயாளர் கேரளத்துத் திருச்சூரில் கண்டறியப்பட்டார். திருச்சூர் எமக்குத் தொலைவாயினும் கேரளம் எமக்குத் தொலைவன்று. செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து மலையேறினால் அடுத்த பக்கம் அந்நாடே. எம் ஊரார் பலர்க்குப் பிழைப்பும் கொள்வினை கொடுப்பினையும் அங்குண்டு. மார்ச் 11-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கிற்று. தென்காசி தனி மாவட்டமாகி அப்பொழுது நான்கு திங்களே ஆகியிருந்தன. எனக்கு வயது பதினான்கு.

அந்நாட்களில் மக்கள் கொண்ட அச்சங்கள் பலவகை. கோழியிறைச்சியால் நோய் வரும் என்று எவரோ கூற, கோழியின் விலை வீழ்ந்தது. செய்தித்தாளைத் தொட அஞ்சினோர் அதனை வெயிலில் உலர்த்திப் படித்தனர். பாற்பையைச் சோப்பிட்டுக் கழுவினர். காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்தனர். வாயிலில் வேப்பிலை கட்டாத வீடு எம் தெருவில் அரிது. கபசுரக் குடிநீரின் கசப்புக்கு அஞ்சி யான் கொல்லைப்புறம் ஓடியதுமுண்டு. நியாயவிலைக் கடையின் முன்னே சுண்ணாம்பால் வட்டங்கள் வரைந்திருந்தனர். வட்டத்திற்கு ஒருவராக நிற்றல் வேண்டும். வட்டத்தினின்று ஒரு காலை வெளியே வைத்தவரை மற்றையோர் நோக்கிய நோக்கம் இன்றும் நினைவில் நிற்கின்றது. எலுமிச்சை வணிகத்திற் பெயர்பெற்ற புளியங்குடியில் ஏப்ரல் திங்களில் நோய் பலரிடம் காணப்பட்டு, வீதிகள் அடைக்கப்பட்டன என்ற செய்தி வந்தபின் அவ்வச்சம் இரட்டித்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் யாவும் மூடப்பட்டன. உயிர்த்தெழுந்த திருநாளை யாங்கள் வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்திருந்து கொண்டாடினோம்.

இவற்றுள் பொருளற்றன சில, பொருளுடையன சில. சோப்பினாற் கைகழுவுதல் வெறுஞ் சடங்கன்று. அந்நுண்மியின் மேற்போர்வை கொழுப்பாலாயது. சோப்பு அக்கொழுப்பைக் கரைக்க, நுண்மி சிதைந்தொழியும். முகக்கவசம் அணிவோனைக் காப்பதோடு, அவன் வாயினின்று தெறிக்கும் துளிகளைத் தடுத்து எதிரிலிருப்போனையும் காக்கும். நோய் உடலிற் புகுந்து வெளிப்படச் சில நாட்கள் செல்லும். அதன் எல்லை பெரும்பாலும் பதினான்கு நாட்களாதலின் அத்துணை நாள் தனித்திருக்கச் சொல்லினர். பின்னர் ஆராய்ந்தோர், நோய் பொருள்களைத் தொடுவதாற் பரவுதல் குறைவென்றும், மூச்சின் வழியே காற்றிற் பரவுதலே மிகுதியென்றும் தெளிந்தனர். பாற்பையைக் கழுவிய யாங்கள் சன்னல்களை அடைத்து வைத்திருந்தோம் என்பதை இன்று எண்ணின் நகைப்பே வருகின்றது.

எம் தெருவின் கோடியில் முதியவர் ஒருவர் தனித்து வாழ்ந்தார். குற்றாலத்தில் நீராட வருவார்க்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். சீசனில் மூன்று திங்கள் ஈட்டுவதைக் கொண்டே ஆண்டு முழுதும் உண்பார். அவ்வாண்டு பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எவ்வருவியிலும் நீராட எவரும் விடப்பட்டிலர். ஜூன் திங்களில் சாரல் வந்தது, அருவி விழுந்தது, அதன்கீழ் நிற்கத் தலை ஒன்றுமில்லை. அவர் திண்ணையில் அமர்ந்து மலையை நோக்கியிருப்பார்.

ஒருநாட் காலை தெருக்குழாய்க்குச் சென்ற யான், அவர் வீட்டு வாயிலில் புதியதோர் இணைச் செருப்பைக் கண்டேன். உள்ளிருந்து இருமலொலி கேட்டது. அவர் மகன் புனலூரில் தேநீர்க்கடையில் வேலை செய்வதை யாவரும் அறிவர். கண்டது செருப்பு, கேட்டது இருமல், எஞ்சியவற்றை என் மனமே இட்டு நிரப்பிக்கொண்டது. குழாயடியில் நின்ற அத்தை ஒருத்தியிடம், “தாத்தா வீட்டுக்குக் கேரளாவுல இருந்து ஆள் வந்திருக்கு போல” என்றேன். அவ்வளவே யான் சொல்லியது. “போல” என்ற சொல்லை அன்று நண்பகலுக்குள் எவரோ நீக்கிவிட்டனர். மாலைக்குள், மகன் நள்ளிரவில் காட்டுவழியே வந்தான் என்றும், தந்தைக்கும் மகனுக்கும் காய்ச்சல் என்றும் தெருவெங்கும் பேச்சாயிற்று. நோயினும் சொல் விரைந்து பரவுவதை யான் அன்று கண்டேன். அதனை விடுத்தவன் யானே என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் நலவாழ்வுத் துறையினர் வந்தனர். மூக்கிலும் தொண்டையிலும் சளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். கதவில் தனிமைப்படுத்திய வீடு என்ற தாளை ஒட்டினர். அவர்கள் தம் கடமையைச் செய்தனர், குறைகூற ஒன்றுமில்லை. தெருவார் செய்ததோ வேறு. அவர் வாயிலுக்குச் செல்லும் சந்தில் உடைமுள்ளை வெட்டிப் போட்டனர். குழாய்ப் பக்கம் வரலாகாது என்று தொலைவிலிருந்து கூவினர். மூன்றாம் நாள் நோயில்லை என்று முடிவு வந்தது. மகன் வரவேயில்லை, செருப்பு எவரோ இரங்கிக் கொடுத்த பழஞ்செருப்பு, இருமல் பல்லாண்டு பீடி புகைத்ததால் வந்தது. ஆயினும் முள்ளை எவரும் அகற்றவில்லை. “எதுக்கும் பதினாலு நாள் கழியட்டும்” என்றனர்.

அப்பதினான்கு நாளும் அவருக்குத் தண்ணீர் கொண்டு சென்றவர் எம் ஆச்சி. வயது அறுபத்தெட்டு, பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனிகள் காய்த்துப் போனவர். சளியெடுத்துச் சென்ற அன்று மாலையே இரு குடங்களில் நீர் நிரப்பி என்னை அழைத்தார். யான் பின்வாங்கினேன்.

“மூஞ்சியில துணியக் கட்டிக்கோய்யா. பத்தடி தள்ளி வச்சுட்டு வந்துருவோம். வந்ததும் கையச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிடுவோம். தண்ணி இல்லாம மனுசன் எப்படி இருப்பாரு?”

முள்ளைக் கோலால் ஒதுக்கி, சந்தின் நடுவே கிடந்த கல்லின்மேல் குடங்களை வைத்தோம். ஆச்சி என்னைத் திரும்பிச் செல்லச் சொல்லித் தாம் மட்டும் சிறிதுபொழுது நின்று, தொலைவிலிருந்தே அவரோடு ஏதோ பேசினார். யான் ஓட்டமாய் வீடு சேர்ந்து முழங்கை வரை கழுவினேன். எத்துணை கழுவியும் அன்று என் கை தூய்மையுற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர்த் திங்களில் அருவிகளில் நீராட மீண்டும் இசைவு தந்தனர். அடுத்த ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் தடுப்பூசி இடத் தொடங்கி, மார்ச்சு முதல் அறுபதாண்டு கடந்தார்க்கு வழி திறந்தனர். ஆச்சியின் இடக்கையில் வட்டமான வடுவொன்றிருந்தது. சிறுமியாயிருந்த காலத்துப் பெரியம்மைக்குத் தடுப்பூசி குத்திய வடு அது. குத்த வருவோரைக் கண்டு பிள்ளைகளெல்லாம் வயலுக்குள் ஓடி ஒளிந்ததையும், தம்மை மட்டும் தந்தை பிடித்துக் கொடுத்ததையும் சொல்லிச் சிரிப்பார். வாயில்தோறும் வேப்பிலை கட்டியும் அடங்காத பெரியம்மை, அவ்வடுக்களால் அன்றோ 1975-ஆம் ஆண்டோடு இந்நாட்டை விட்டொழிந்தது! ஆதலின் ஆச்சி ஊசிக்கு அஞ்சவில்லை. அஞ்சியவர்கள் யாங்களே.

ஏப்ரல் திங்கள் மூன்றாம் வாரத்தில் ஆச்சியை அழைத்துச் செல்வதாயிருந்தோம். அவ்வேளை நடிகர் விவேக் அவர்கள் தடுப்பூசி இட்டுக்கொண்ட மறுநாள் மயங்கி விழுந்து, ஏப்ரல் 17-ஆம் நாள் உயிர்நீத்தார். இதய நோயே காரணம், ஊசியன்று என மருத்துவர் கூறினர். பின்னர் ஆராய்ந்த குழுவும் அவ்வாறே முடிவு செய்தது. ஆயினும் தொலைபேசி வழியே வந்த சொற்கள் வேறாயிருந்தன. கண்டவர் எவருமிலர், சொல்லாதவரும் எவருமிலர். “கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்” என்றார் அப்பா. அச்சிறு பொழுதிற்குள் இரண்டாம் அலை எழுந்தது. மே திங்களில் ஆச்சிக்குக் காய்ச்சல் கண்டது; ஐந்தாம் நாள் மூச்சுத் திணறிற்று; மருத்துவமனைக்குச் சென்றவர் மீண்டிலர். ஊசி இட்டிருப்பின் பிழைத்திருப்பார் என்று உறுதியாய்க் கூற யான் மருத்துவனல்லேன்; பிழைத்திருத்தல் கூடும் என்னும் எண்ணம் மட்டும் எம் வீட்டை விட்டு அகலவில்லை. முன்னாளில் என் வாய்ச்சொல் பிறர் வாயிலில் முள்ளிட்டது. இந்நாளில் பிறர் வாய்ச்சொல் எம் வாயிலில் இருள் சேர்த்தது.

அடக்கத்திற்குச் சிலரே இசைவு பெற்றோம். உடலை முழுதும் பொதிந்திருந்தமையின் முகம் காணக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, வேம்பின்கீழ், முகக்கவசம் அணிந்து கைகூப்பி நின்றார் ஒருவர். யாரென்று தெரிய எனக்கு நெடுநேரம் ஆகவில்லை.

2022-ஆம் ஆண்டு ஆனியில் குற்றாலம் மீண்டும் குற்றாலமாயிற்று. ஐந்தருவிக்குச் செல்லும் வழியில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அமர்ந்திருந்த அம்முதியவர்முன் ஒருநாட் சென்று நின்றேன். ஈராண்டாய் நெஞ்சில் இருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் நா வறண்டது. அவர் வியப்புறவில்லை.

“தெரியும்யா. ஒங்க ஆச்சி மொதக் குடம் கொண்டாந்த அன்னைக்கே சொல்லிட்டாவ. ‘எம் பேரன் வாய் தவறிச் சொல்லிட்டான், பொறுத்துக்கிடுங்க’ன்னாவ. குழாயடிப் பேச்சு அவுக காதுக்கு வராமலா போவும்? ஒனக்குச் சொல்ல வேண்டாம்னுட்டாவ, பிள்ள சங்கடப்படுவான்னு.” பின்னர், “சட்டையக் கழட்டிட்டு உக்காரு, எண்ணெ தேய்ச்சு விடுதேன்” என்றார்.

யான் அமர்ந்தேன். அன்று ஆச்சி சுமந்த குடங்கள் இரக்கத்தால் மட்டும் சுமந்தவை அல்ல, என் கடனைத் தீர்க்கச் சுமந்தவை என்பதை அவ்விடத்திலேதான் அறிந்தேன். அவர் கை என் முதுகில் அழுந்தியபொழுது அழுதேனாயினும், அருவிக்குச் செல்லும் வழியில் நனைந்த முகத்தை ஆராய்வார் எவருமிலர்.

அச்சமும் காப்பும் ஒன்றென்றே யான் அதுகாறும் எண்ணியிருந்தேன். ஆச்சியும் முகத்தை மூடினார்; பத்தடி விலகினார்; கை கழுவினார். முள் வெட்டிப் போட்டவர்களும் அவற்றையே செய்தனர். ஆயின் ஆச்சி அவற்றைச் செய்தது தண்ணீர் கொண்டு செல்வதற்கு. மற்றையோர் செய்தது கொண்டு செல்லாதிருப்பதற்கு. பிறரிடம் செல்லும் வழியை இடரின்றி வைத்துக்கொள்வதே காப்பு. அவ்வழியை அடைத்துவிடுவது அச்சம். புறத்தே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

புதிய நோய்கள் இனியும் வரும். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபாக் காய்ச்சல் அறுவரிடம் உறுதியாகி இருவரை மாய்த்தபொழுது, புளியரைச் சோதனைச் சாவடியில் வருவோரின் உடல்வெப்பத்தை அளந்தனர். பழந்தின்னும் வௌவாலிடமிருந்து அந்நோய் வருவதென்பதால், கடித்த குறியுள்ள பழங்களை விலக்குமாறு மருத்துவர் கூறினர். அது தக்க காப்பே. அவ்வாரத்தில் ஒருநாள் தென்காசிப் பேருந்து நிலையத்தில் என் அருகே நின்ற ஒருவர், செங்கோட்டையில் இன்ன தெருவில் இன்னார்க்கு அக்காய்ச்சல் என்று தாழ்ந்த குரலிற் சொன்னார்.

“அண்ணாச்சி, நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி, சொல்லுதாக” என்றார்.

பேருந்து வந்தது, இருவரும் ஏறினோம். அச்செய்தியை யான் எவரிடமும் சொல்லவில்லை. ஆச்சியின் குடங்கள் இரண்டும் இன்றும் எம் அடுக்களையில் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் அவற்றில் தண்ணீர் எடுத்து வருவது என் வேலை.