மதராசியும் லினக்ஸும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அந்த மளிகைக் கடைக்காரருக்கு நான் "சேட்டா"தான். டெல்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் மாறவில்லை. தென்னாட்டு மூஞ்சி என்றால் மலையாளி, அவ்வளவுதான் அவர் கணக்கு. நேந்திரம் சிப்ஸை நீட்டுவார். நான் கேட்டது மணத்தக்காளி வத்தலாக இருக்கும்.

போன ஞாயிறு பையனும் கூட வந்தான். பி.டெக். இரண்டாம் வருஷம். முந்தின ராத்திரி அவன் ப்ராஜெக்டிலும் இதே கூத்தாம். லேப்டாப், செல்போன் இரண்டுக்கும் ஒரே சி ப்ரோகிராம். லினக்ஸ் லேப்டாப்பில் ஜோராக ஓடியது, ஆண்ட்ராய்டில் படுத்துவிட்டது. பி.காம். படித்த என் மரமண்டைக்கு வழி நெடுக விளக்கினான்.

எந்த சிஸ்டத்துக்காகக் கம்பைல் செய்கிறோமோ, அதற்கென்று கம்பைலரே ஒரு பெயரை வரையறுத்து வைத்திருக்கும். விண்டோஸ் என்றால் 'வின்32'. (64 பிட் விண்டோஸிலும் அதே பெயர்தானாம். எங்கள் பேங்க் ஃபாரம் மாதிரி!) லினக்ஸுக்கு 'லினக்ஸ்'. 'இஃப்டெஃப்' போட்டு அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வில்லங்கம் என்னவென்றால், ஆண்ட்ராய்டு நிற்பதும் லினக்ஸ் கெர்னல் மேல்தான். 'லினக்ஸா?' என்று முதலில் கேட்டால் அதுவும் கையைத் தூக்கும். அதனால் 'ஆண்ட்ராய்டா?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். எதிலுமே சேரவில்லை என்றால், கடைசி 'எல்ஸ்'ஸில் எதையாவது யூகிக்காமல் 'எரர்' போட்டு நிறுத்திவிடணும்.

"அப்போ 'மதராசியா'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி 'தமிழா'ன்னு கேக்கணும், அதானேடா?"

"அதேதான்பா. ஆனா கடைக்காரர் ஆளைப் பார்த்து அப்பப்போ முடிவு பண்றார். இது பில்ட் பண்ணும்போதே முடிவாயிடும். மத்த சிஸ்டத்துக்கு எழுதின வரியெல்லாம் ப்ரீபிராசசரே தூக்கிடும். ரெடியான ப்ரோகிராம்ல தேடினாலும் இருக்காது."

கடை வந்துவிட்டது. எனக்கு வழக்கமான "சேட்டா". பையனிடம் மட்டும் நேராக ஹிந்தி. இவனும் சளைக்காமல் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தான். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். மேலே கொட்டை எழுத்தில் தமிழ்.

"இதுவாப்பா?"

டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி தூரம் என்று வீட்டுப் பக்கத்திலேயே சேர்த்தது நான்தான். தங்கமணி அப்போதே சொன்னாள்.

"இது சுண்டைக்காய்டா" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டைத் திருப்பி வைக்காமல், முதல் எழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"சு."