துருவின் மேல் புது டிஸ்க்

அரிசி வாங்கும்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்காதவர் நம் வீடுகளில் இல்லை. பெருநாளைக்குத் துணி எடுக்கப் போனால் சாயம் போகுமா என்று கடைக்காரரை நான்கு முறை கேட்போம். அதே குடும்பத்தைச் சுமந்து செல்லும் காரின் பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பட்டறைக்காரர் விவரம் சொல்லத் தொடங்கினால், நம்மில் பலர் “நல்லதாகப் பார்த்துப் போடுங்கள்” என்று கூறிவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். எது நல்லது, அது எப்படிப் பொருத்தப்பட வேண்டும் என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் காரோட்டும் ஒவ்வொருவருக்கும் அவசியம் என்பது நமது கருத்து. வண்டியில் ஏறி அமர்ந்தவர்கள் ஓட்டுபவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

நாம் வசிப்பது கம்பத்தில். மனைவியின் தமக்கை குமுளியில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் மாதம் ஒருமுறையாவது மலையேறி இறங்க நேரிடுகிறது. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான அந்த இறக்கத்தை அறிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரியாற்று நீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைக் காணும் இடம் வருவதற்குள் பிரேக்கைப் பலமுறை மிதித்திருப்போம். பதினொரு ஆண்டுகள் ஓடிய நமது சிறிய காரில் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் கைகளில் நடுங்கத் தொடங்கியது. பின்னிருக்கையில் தாயார். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. முன்னிருக்கையின் முதுகைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் இறுகின.

இதே நடுக்கத்துக்காக ஒரு பட்டறையில் முன்சக்கர டிஸ்க்குகளைக் கழற்றி லேத்தில் கொடுத்து இழைத்து வாங்கி மாட்டினார்கள். வண்டி வெண்ணெய்போல நின்றது. ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்ததும் நடுக்கம் திரும்ப வந்தது. மீண்டும் லேத், மீண்டும் சில மாதங்கள் நிம்மதி, மீண்டும் நடுக்கம். மூன்றாம் முறை சென்றபோது “மலை ரோடு அப்படித்தான், டிஸ்க் கோணிப்போகும்” என்று கூறி மறுபடியும் லேத்துக்கே அனுப்பப் பார்த்தார்கள். நாம் வண்டியைத் தேனிக்கு எடுத்துச் சென்று, வயதில் மூத்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம்.

அவர் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை விலக்கி, டிஸ்க்கை உருவி எடுத்தார். எடுத்ததும் டிஸ்க்கை அவர் பார்க்கவேயில்லை. அது அமர்ந்திருந்த ஹப்பின் முகத்தைத்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே துரு, பொருக்குப் பொருக்காகப் படிந்திருந்தது. “ஹஜரத், டிஸ்க்குல குத்தம் இல்ல. அது உக்காந்திருக்கிற எடத்துலதான் குத்தம்” என்றார்.

அவர் விளக்கியதை நமது மொழியில் சொல்கிறோம். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் தாள் அளவு துரு சிக்கினாலும் டிஸ்க் நேராக அமராமல் சற்றே சாய்ந்து அமரும். மையத்தில் நூலளவு இருக்கும் சாய்வு விளிம்பில் இன்னும் பெரிதாகும். வண்டி ஓடும்போது டிஸ்க் தள்ளாடிச் சுழலும். பிரேக்கை மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசிச் செல்லும். அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து டிஸ்க்கின் கனம் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் ஆகிவிடும். 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே ஸ்டியரிங்கை நடுக்கப் போதுமானது. மக்கள் “கோணிப்போச்சு” என்று கூறுவது பெரும்பாலும் இதைத்தான். லேத்தில் இழைத்தால் கனம் சமமாகிறது, நடுக்கம் நிற்கிறது. துருவோ அங்கேயே இருக்கிறது. நமக்கு நேர்ந்ததன் முழுக் கதையும் இவ்வளவுதான்.

அப்படியானால் துருவைச் சுரண்டிவிட்டு, இழைத்துப் போட்டால் போதாதா என்று கேட்டோம். அவர் மைக்ரோமீட்டரை எடுத்தார். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது எவ்வளவு கனம் வரை தேயலாம் என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். நமது டிஸ்க்கில் 15 மில்லிமீட்டர் என்றிருந்தது. புதிதாக இருக்கையில் அது 17. இப்போதைய கனம் 15.2. இன்னொரு முறை இழைத்தால் எல்லைக்குக் கீழே போய்விடும். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. விரிசல் விடவும் கூடும். இங்கே ஒரு நுணுக்கம்: பேட் படாத வெளிவிளிம்பில் துருவேறிய ஒரு வரப்பு நிற்கும். சாதாரண வெர்னியரை அதன்மேல் வைத்து அளந்தால் டிஸ்க் உள்ளதைவிடக் கனமாகத் தோன்றும். வரப்பைத் தாண்டி உள்ளே, ஐந்தாறு இடங்களில் அளக்க வேண்டும்.

ஆக, புது டிஸ்க் வாங்கியே தீர வேண்டும் என்றாகியது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது. ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புது டிஸ்க்குக்குப் பழைய பேடும் ஆகாது. பழைய டிஸ்க்கின் வரிகளுக்கேற்ப அது தேய்ந்து பழகியிருக்கும்.

வாங்குவதில் முதல் கவனம் அளவு. ஒரே பெயருள்ள காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் டிஸ்க்கின் அளவு மாறக்கூடும். கார் பெயரைச் சொல்லிக் கேட்காமல், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. அடுத்தது பேட். கடையில் பாதி விலைக்கு, அசலைப் போலவே அட்டைப்பெட்டியில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தது. இரும்புத் தகட்டின் ஓரங்கள் கரடுமுரடாக இருந்தன. தகட்டில் தயாரிப்பு எண் எதுவும் இல்லை. சூடேறும்போது உராய்வுப் பொருள் தகட்டை விட்டுப் பெயர்ந்து வரும் போலிப் பேடுகள் உண்டு. கார்க் கம்பெனியின் அசல், அல்லது கார்க் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் பெயர்பெற்ற நிறுவனத்தின் பேட், இவ்விரண்டைத் தவிர்த்து மூன்றாவதை நாம் தொடுவதில்லை. இளைஞர்கள் விரும்பும் துளையிட்ட, கோடு வெட்டிய டிஸ்க்குகள் குடும்பக் காருக்கு வீண் செலவு. பார்க்க அழகாக இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை.

பொருத்தும்போது அருகிலேயே நின்றோம். ஜாக்கியில் மட்டும் நம்பி வேலை செய்யாமல் ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்தினார். ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும், உலோகம் மின்னும் வரை, போல்ட்டுகளின் அடிப்பாகம் உட்படத் தேய்த்தார். இருபது நிமிடம் இதற்கே போனது. முன்பு யாரும் செலவழிக்காத இருபது நிமிடம் அது. பழைய தூசியைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தார். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காதிருக்கப் பூசி வரும் எண்ணெயையும் அதே கிளீனரால் போக்கினார். மாட்டிய பின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். முள் அசைந்தது தெரியாத அளவுக்குத்தான் அசைந்தது. காலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் மட்டுமே இட்டார். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும். கடைசியில் வீல் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் ஒரே அளவாக முறுக்கினார். காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக இறுக்கினால் சுத்தம் செய்த ஹப்பிலும் டிஸ்க் சாயும்.

சாவியைக் கையில் தரும் முன் அவரே அமர்ந்து பிரேக்கை ஏழெட்டு முறை மிதித்தார். முதல் மிதியில் பெடல் அடித்தளம் வரை போனது! பிஸ்டன்களைப் பின்னே தள்ளியிருப்பதால் அவை மீண்டும் வந்து பேடைத் தொடும்வரை பிரேக்கே இராது. வீட்டிலேயே பேட் மாற்றிக்கொள்ளும் சகோதரர்கள் இந்த ஒன்றை ஒருபோதும் மறந்துவிடக் கூடாது. வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் அந்தப் பத்தடியில்தான் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

பிரேக் ஆயிலையும் அன்றே மாற்றினோம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறிய நிலையில் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டுமென்று சொல்லியனுப்பினார். அஸருக்குப் பின் ஆள் நடமாட்டமில்லாத சாலையாகப் பார்த்து, அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதும் நிறுத்தாமல் மெதுவாக்குவதும், சற்று தூரம் ஓட்டி ஆறவிடுவதுமாகப் பத்து முறை செய்தோம். உடன் வந்த மகன் எண்ணிக்கொண்டே வந்தான். ஆறாவது முறை, “அத்தா, முன்னாடி யாருமே இல்லையே, எதுக்கு பிரேக்?” என்று கேட்டான்.

இதன் பிறகு மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குகிறோம். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்க அது செலவாகும். மைத்துனர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் அவரது வண்டியின் முன்சக்கரங்களைக் கழற்றும்போது ஹப்பையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.